பம்பரம் தூங்குது

ஜூன் 4

பம்பரத்தின் அப்பாவுக்கு,

கடிதமா என்று சிரிக்காதீர்கள். ஆசைப்பட்டு எழுத உட்காரவில்லை. போனை எடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் கத்துகிறீர்கள், நாலாவதில் நான் கத்துகிறேன். நம் மகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்புறம் வீட்டைத் தலைகீழாக்குகிறாள். போன ஞாயிறு நீங்கள் பட்டென்று போனை வைத்ததும் அலமாரியில் இருந்த துணி முழுவதையும் இழுத்துப் போட்டு அதன்மேல் குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் அவர் கூரையை, அதாவது நம் தரையை, இடித்த இடி இன்னும் என் காலில் இருக்கிறது. "சண்டை போடணும்னா எழுதிப் போட்டுக்கங்க. பேப்பர் கத்தாது" என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எந்த டாக்டர் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வகுப்பில் கைவேலைக்குக் கொடுத்த கத்தரிக்கோலால் முன் பெஞ்சுப் பெண்ணின் பின்னலை வெட்டிவிட்டாள் உங்கள் மகள். ஏன்டி என்றால், "ஆடிக்கிட்டே இருந்துச்சும்மா, கை போயிடுச்சு" என்கிறாள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இந்தப் பருவம் முடியும்வரை பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு போட்டு, குழந்தைகளுக்கான மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது. பிறவியிலேயே மூளை வேலை செய்கிற விதம் அப்படி, யார் வளர்ப்பாலும் வந்ததில்லை என்றார். அந்த இடத்தில் நான் அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து வேறு யாரும் என் பக்கம் பேசினதில்லை.

அழுது முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார்: "வீட்டால வந்ததில்ல. ஆனா வீட்டால கூடும், வீட்டால குறையும்." பிறகு இவளைப் பார்த்து, "எப்படா உனக்கு ரொம்ப ரொம்ப ஓடணும்போல இருக்கும்?" என்று கேட்டார். இவள் யோசிக்கவே இல்லை.

"அப்பா செருப்பு தேடும்போது."

ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் நீங்கள் வெளியே போக வாசலில் செருப்பைத் தேடுவீர்களே, அது. எனக்கு அங்கேயே பூமி பிளக்காதா என்றிருந்தது.

வீட்டில் வேறு யாராவது இப்படியா என்றும் கேட்டார். உங்களைச் சொன்னேன். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை"ன்னு வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைக் குத்தினீர்கள் அல்லவா, அந்தச் சேலை எந்த நூல் என்று யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு வேளை நீங்கள் முழுசாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கென்று தனியாக நாலு வரி எழுதுங்கள்.

பம்பரத்தின் அம்மா


ஜூன் 15

பம்பரத்தின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. ஊருக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி போடுகிற கடையில் இருக்கிறாய், என் குற்றம் மட்டும் பெரிதாகத் தெரிகிற கண்ணாடி ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. நல்லது.

நான் இங்கே காற்று வாங்க வரவில்லை. புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு நாலு லிஃப்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தைச் சுவரில் பொருத்துகிறோம். கீழே பார்த்தால் தலை சுற்றும், மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும்.

வியாதி, மாத்திரை என்றெல்லாம் ஆரம்பிக்காதே. நானும் அவள் வயதில் அப்படித்தான். என்னை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. முதுகில் நாலு வைத்தார்கள், அடங்கினேன்.

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவனே நான்தான், மறந்துவிட்டாயா? மொட்டை மாடியில் முதல்முதலாகப் பம்பரம் விட்டுக் காட்டினேன். வேகம் ஏறி, ஆட்டமே தெரியாமல் நின்ற இடத்தில் சுற்றியதும், "பாரு, பம்பரம் தூங்குது" என்றேன். தரையில் குப்புறப் படுத்து, காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். "தூங்கலப்பா! உள்ள ஙொய்ங்குது! இப்பத்தான் ரொம்ப சுத்துது!" என்றாள். இவ்வளவு கவனிக்கிற பிள்ளைக்குக் கவனக் குறைவாம். அந்த டாக்டருக்கு ஒரு கண்ணாடி போட்டு விடு.

செருப்பு விஷயம் வேறு. நான் தேடுவது அவள் எடுத்து ஒளித்து வைப்பதால். அது வியாதி இல்லை, சேட்டை. நான் கிளம்பிய அன்றும் ஒற்றைச் செருப்பைக் காணோம். ஒரு செருப்போடு எங்கே போவது? வேலைக்குப் போடுகிற பூட்ஸை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அப்போதும் நான் கை ஓங்கவில்லை. வாசலில் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். "சும்மா இரு, அப்பா வந்துடறேன்" என்று நல்லபடியாகத்தான் சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனுஷனுக்கு ஒரு சொல். நீ நூறு சொல் சொல்வதால்தான் அவள் ஒன்றையும் கேட்பதில்லை.

அவளுக்கு அப்புறம் எழுதுகிறேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அவள் அப்பா


ஜூலை 2

பம்பரத்தின் அப்பாவுக்கு,

முதுகில் நாலு வைத்ததும் அடங்கினீர்களாமே. எப்போது அடங்கினீர்கள் என்று சொன்னால் அந்த நாளை நான் கொண்டாடுவேன்.

சண்டைக்கு இன்றைக்கு மனசில்லை. நல்ல சேதி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகப்போகிறது. கூடவே வீட்டுக்கு என்று டாக்டர் சில வேலை கொடுத்திருக்கிறார். தூரத்திலிருந்து கத்தாமல் கிட்டே போய்த் தோளைத் தொட்டுப் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் ஓட விட வேண்டும், அப்புறம்தான் புத்தகம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று நம் ஆட்கள் அப்போதே சொல்லி வைத்ததுதான். முதல் வாரம் நான் தோற்றுப்போனேன். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, படகு விடுகிறேன் என்று என் ஒரே ஜோடி நல்ல செருப்பையும் மிதக்க விட்டாள். நாலு வீடு கேட்கக் கத்தினேன். கத்தியது நானாக இருந்தும் அவள் வாசலைத்தான் பார்த்தாள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் இந்த அதிசயம். பள்ளி விட்டு வருகிறாள், கை கால் கழுவுகிறாள், வாசல் பக்கத்து நாற்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு கையும் முட்டியில். ஓடு என்றாலும் ஓடுவதில்லை. கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "பாப்பா ஊருக்குப் போயிருக்கா?" என்று கேட்டார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சர் டைரியில் "மிக நல்ல முன்னேற்றம்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இந்தப் பிள்ளை பேருக்குப் பக்கத்தில் நல்ல வார்த்தையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

தினமும் சாயங்காலம் என்னிடம் கேட்கிறாள்: "இன்னிக்கு நான் சும்மா இருந்தேனாம்மா?"

"ரொம்ப சும்மா இருந்தே, என் தங்கமே" என்கிறேன். முகத்தில் ஒரு திருப்தி வருகிறது. அதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லிவிட்டேன். தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இவள் அம்மா


ஜூலை 12

பம்பரத்தின் அம்மாவுக்கு,

படித்தேன். சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது அவளிடம் போனில் பேசினேன். "நான் சும்மா இருக்கேம்ப்பா" என்றாள். "அப்படியா, நல்ல பிள்ளை" என்றேன். "எப்பப்பா வருவே?" என்றாள். "வேலை முடியட்டும், நீ இப்படியே சும்மா இரு" என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். முன்பெல்லாம் போனைக் கொடுத்தால் பிடுங்கினால்தான் தருவாள். நன்றாகவே மாறியிருக்கிறாள்.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். இரண்டு நாளாக இதையே யோசித்தேன். லிஃப்டில் ஆள் அதிகமாகிவிட்டால் கதவு மூடாது, மணி அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். யாராவது ஒருத்தர் இறங்கினால் போதும், மணி நிற்கும், கதவு மூடும், லிஃப்ட் மேலே போகும். நம் வீட்டில் அந்த ஒருத்தர் நான்தான் என்று இப்போது தெரிகிறது. நான் இறங்கினேன், மணி நின்றுவிட்டது. டாக்டரும் வீட்டால் குறையும் என்றுதானே சொன்னார்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்மேல் கோபத்தில் செய்யவில்லை. அவளுக்காகத்தான் செய்தேன். இதையாவது நம்பு.

அவள் அப்பா


ஆகஸ்ட் 1

என்னங்க,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பயந்து ஓடினேன். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. பாடம் நடக்கும்போது உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போயிருக்கிறாள். "டீச்சர், பாத்ரூம்" என்று எழுந்து கேட்டால் சும்மா இல்லை என்று ஆகிவிடுமாம். விரலைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றித் தோலைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருக்கிறது. கையை முட்டியில் கவிழ்த்தே வைத்திருந்ததால் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவள் நான்.

டாக்டரிடம் போனோம். "இப்ப உள்ள எப்படிடா இருக்கு?" என்று கேட்டார்.

"தூங்குது" என்றாள்.

டாக்டர் மாத்திரையால் தூக்கம் வருகிறதோ என்று நினைத்து அளவைப் பார்த்தார், எடை பார்த்தார். எனக்கு மட்டும் மொட்டை மாடிப் பம்பரம் நினைவுக்கு வந்தது. "பம்பரம் மாதிரியாடி?" என்றேன். தலையை ஆட்டினாள். "ரொம்ப சுத்துதும்மா. வெளிய தெரியாம வெச்சிருக்கேன்."

டாக்டருக்கு நான் விளக்கிச் சொன்னேன், ஆட்டம் தெரியாமல் சுற்றினால் நாங்கள் அதைத் தூங்குவது என்போம் என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இது மாத்திரை செய்த வேலை இல்லை, பயம் செய்த வேலை என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் கேட்டு வாங்கினார்.

செருப்பை ஒளித்தது சேட்டை இல்லைங்க. செருப்பு இல்லாமல் அப்பா வெளியே போக முடியாது என்று ஒளித்திருக்கிறாள். எத்தனை தடவை அதற்கு அடி வாங்கியிருக்கிறாள், ஒரு தடவையாவது சொன்னாளா? அன்றைக்கு ஒளித்தும் நீங்கள் பூட்ஸோடு போய்விட்டீர்கள். போகும்போது, "சும்மா இரு, அப்பா வந்துடறேன்" என்றீர்கள். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் தெரியுமா? சும்மா இருந்தால் வருவேன் என்று. ஆரம்பத்தில் அவளால் இருக்க முடியவில்லை, அதனால்தான் நீங்கள் வரவில்லையாம். இப்போது இருக்கிறாள். இருந்தும் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

"இன்னும் எவ்ளோ சும்மா இருக்கணும்மா?" என்று என்னைக் கேட்டாள். நல்ல மனுஷனுக்கு ஒரு சொல் என்றீர்களே, அந்த ஒரு சொல் என்ன பாடு படுத்தியிருக்கிறது பாருங்கள். நானும் தினமும் சாயங்காலம் அதே சொல்லால்தான் அவளைக் கொஞ்சியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டினாள். உங்கள் ஒற்றைச் செருப்பு உள்ளே இருந்தது.

அவள் அடங்கிவிட்டாள் என்று சொல்லி நீங்கள் வராமலிருக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் வர வேண்டும் என்றுதான் அவள் அடங்கினாள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? இரண்டு வருஷம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாங்க. என்னோடு பேச வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து, நீ ஆடினாலும் ஓடினாலும் அப்பா வருவேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வாங்க.


ஆகஸ்ட் 8

பம்பரத்தின் அம்மாவுக்கு,

படித்தேன். இன்னொரு தடவை பிரிக்க முடியவில்லை.

கையெழுத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். கட்டடம் திறக்கும்வரை நடக்காது என்றார். கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கியிருக்கிறேன். 22ஆம் தேதி வருகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சண்டை ஆரம்பித்தால் எனக்கு மூச்சு முட்டும். கால் தானாகச் செருப்பைத் தேடும். அதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். வீட்டில் வேறு யாராவது இப்படியா என்று உன் டாக்டர் கேட்டதற்கு நீ சொன்ன பதில் சரிதான்.

அவளுக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் 'சமர்த்தா இரு' என்றுதான் கை எழுதுகிறது. கிழித்துப் போட்டுவிட்டேன். நேரிலேயே சொல்கிறேன்.


ஆகஸ்ட் 27

பம்பரத்தின் அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு ரயிலில் இறங்கவில்லை, பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், இருந்தாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கதவைத் திறந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓடி வரவில்லை. முகம் மட்டும் அப்படியே மலர்ந்தது. தான் செய்தது பலித்துவிட்டது என்கிற மலர்ச்சி அது. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கீழே உட்கார்ந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தோளைத் தொட்டு, நான் வந்தது நீ சும்மா இருந்ததற்காக இல்லை, நீ குதித்தாலும் வீட்டை இடித்தாலும் வருவேன் என்றேன். "சரிப்பா" என்றாள். பாடம் ஒப்பிப்பது போல அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

புதுப் பம்பரம் வாங்கி வந்திருந்தேனே. மொட்டை மாடியில் விட்டேன். நன்றாகத் தூங்கியது. அவள் படுத்துக் காது வைக்கவில்லை. சட்டை அழுக்காகும் என்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த இரண்டு நாளும் நாமும் சண்டை போடவில்லை, கவனித்தாயா? டம்ளரை வைத்தாலும் சத்தம் வராமல் வைத்தோம். மூன்று பேரும் சும்மா இருந்தோம். கீழ்வீட்டுக்காரருக்கு நாம் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்திருக்கும்.

இதை எழுதுவது அந்தச் செருப்புக்காகத்தான். கிளம்புகிற காலையில் வாசலுக்கு வந்தேன். மீட்டர் பெட்டியில் இருந்ததும் சேர்த்து, செருப்பு இரண்டும் ஜோடியாக, ஈரத்துணியால் துடைத்து, வெளிப்பக்கம் பார்த்து வைத்திருந்தது. நீ வைத்தாய் என்று நினைத்து உன்னைப் பார்த்தேன். நீ அவளைப் பார்த்தாய். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "போட்டுக்கோப்பா" என்றாள்.

எத்தனை வருஷம் அந்தச் செருப்புக்காக வீடு அதிரக் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்று காணாமல் போயிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கட்டிலடியிலும் மாடியிலும் தேடுகிறேன் தேடுகிறேன் என்று சொல்லி ரயிலை விட்டிருப்பேன். வேலை போனால் போகிறது என்று இருந்திருப்பேன். அவள் ஒளிக்கவில்லை. நான் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த தடவை ஒளிக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்.


செப்டம்பர் 10

என்னங்க,

ஒளிக்கச் சொல்லிக் கொடுக்க என்னால் முடியாது. ஒளிப்பதற்கு வாசலில் செருப்பு இருக்க வேண்டும்.

டாக்டரிடம் வாராவாரம் போகிறோம். பூட்டுவதற்கு ஒரு சொல் போதும், திறக்க நூறு சொல் வேண்டும், பொறுமையாக இருங்கள் என்கிறார். மாத்திரையால் படிப்பில் கவனம் நிற்கிறது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த உட்காருவதுதான் போகமாட்டேன் என்கிறது.

நேற்று சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். வாடி, குதிக்கலாம் என்று கூப்பிட்டேன். வரவில்லை. சரி என்று நானே குதித்தேன், வேலைக்குக் கட்டிப்போன சேலையோடு, பைத்தியக்காரி மாதிரி, அலமாரிக் கண்ணாடி அதிர. கீழ்வீட்டுக்காரர் இடித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தச் சத்தம் கேட்டு எனக்கு அழுகையே வந்தது. இடியுங்கள் ஐயா என்று இன்னும் குதித்தேன்.

அப்போதுதான் எழுந்து ஓடி வந்தாள். ஓடியே வந்தாள், நான் பார்த்தேன். வந்து என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அம்மா, சும்மா இரும்மா. நீயும் சும்மா இருந்தாத்தான் அப்பா வருவார்."

நான் உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்வது? அவளும் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.

பருவம் முடிந்தது. பள்ளியை விட்டு அனுப்பவில்லை. தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் அவளை மேடையில் ஏற்றி, மிக அமைதியான மாணவி என்று பரிசு கொடுத்தார். பின்னல் போன பெண்கூடக் கை தட்டினாள். பரிசுத்தாளைக் கசங்காமல் நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவுக்கு அனுப்பு என்றாள். இதோடு வைத்திருக்கிறேன். "இது போதுமான்னு அப்பாகிட்ட கேளு" என்றாள்.

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள்.